சக ஆசிரியர்மேல் சந்தேகம்: சிங்கப்பூரில் வேலையிடத்தில் பொருள் திருடுபோனால் என்ன செய்வது?

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து, சிங்கப்பூரின் துணைப்பாட (டியூஷன்) நிலையங்களிலும் பாலர் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் கற்பிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். பணம் போனதைவிட, "யார் எடுத்திருப்பார் என்று தெரிந்த மாதிரி இருக்கிறது, ஆனால் வாய் திறக்க முடியவில்லை" என்பதுதான் அவர்களை அதிகமாக வாட்டுகிறது. எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். போன பொருளைப் பற்றி உடனே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். ஆளைப் பற்றி உங்கள் கண்ணில் பட்டதை மட்டும், கேட்க வேண்டியவரிடம் மட்டும் சொல்லுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்து வருபவைதான்.

ஸ்டாஃப் ரூமில் வைத்த பர்ஸைக் காணோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

யார் எடுத்தார் என்று யோசிப்பதைக் கொஞ்ச நேரம் தள்ளிப் போடுங்கள். முதலில் வங்கி. கார்டைத் தட்டினாலே பணம் போகும் ஊர் இது, சின்னத் தொகைக்குப் பின் நம்பர்கூடக் கேட்காது. டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய வங்கிகளின் செயலிகளிலேயே கார்டை முடக்கலாம். கைப்பேசியும் சேர்ந்து போயிருந்தால், வேறொருவரின் போனிலிருந்து வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்துக் கணக்கையே நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். 'கில் சுவிட்ச்' என்றால் அவர்களுக்குப் புரியும்.

கைப்பேசி போயிருந்தால் சிம்மையும் முடக்க வேண்டும். ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும், அரசாங்கச் சேவைகளுக்கான அடையாளச் செயலியான சிங்பாஸும் அதில்தான் இருக்கிறது. ஐபோனில் 'ஃபைண்ட் மை', ஆண்ட்ராய்டில் கூகளின் தேடும் வசதி, இரண்டிலும் தொலைவிலிருந்தே பூட்டலாம். பாஸ் கார்டும் (இங்கே வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) பர்ஸில் இருந்ததா? அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். மாற்று அட்டைக்கு மனிதவள அமைச்சிடம் ஒரு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இவை முடிந்ததும் ஒரு காகிதத்தை எடுத்து நடந்ததை எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை, இப்படி இருந்தால் போதும்: "மாலை 4.10: பையை மேசையின் கீழ் டிராயரில் வைத்தேன். பூட்டவில்லை. 4.15 முதல் 5.45 வரை தொடக்கநிலை 5 வகுப்பு. 5.50: ஈஸி-லிங்க் பயண அட்டை எடுக்கப் பையைத் திறந்தேன், பர்ஸ் இல்லை. உள்ளே 180 வெள்ளி (டாலர்), இரண்டு வங்கிக் கார்டு, பாஸ் கார்டு. பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. அறைக்குள் வந்தபோது இருவர் இருந்தார்கள்." 'பூட்டவில்லை' என்பதை எழுத வெட்கப்பட வேண்டாம். பூட்டாத டிராயரிலிருந்து எடுத்தாலும் அது திருட்டுதான். ஒரு வாரம் கழித்து விசாரணை அதிகாரி கேட்கும்போது அந்த 5.50 உங்கள் நினைவில் இருக்காது, காகிதத்தில் இருக்கும்.

ஒரு தடவை நிதானமாகத் தேடவும் செய்யுங்கள். ஒரு நிலையத்தில் ஐபேட் காணோம் என்று நாள் முழுக்க ஒரு ஆசிரியரை எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகப் பெண் அதைத் திரை மாற்றுவதற்குக் கடையில் கொடுத்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஐபேட் வந்துவிட்டது. அந்த ஆசிரியர் அந்த ஒரு நாளை இன்னும் மறக்கவில்லை.

சின்னத் தொகைதானே, இதற்கெல்லாம் போலிஸா?

தொகை சின்னதா பெரியதா என்று சட்டம் பார்ப்பதில்லை. தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவின்படி திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு பத்து வெள்ளிக்கும் காவல் நிலையம் போகச் சொல்ல மாட்டேன். என் கணக்கில் மூன்று சமயங்களில் தயங்கவே கூடாது: அடையாள அட்டை, கடப்பிதழ் (பாஸ்போர்ட்), வங்கிக் கார்டு ஏதாவது போனால்; நகை, மடிக்கணினி, கைப்பேசி மாதிரி விலை உயர்ந்தது போனால்; தொகை எவ்வளவு சின்னதானாலும் இரண்டாவது முறை போனால். முதல் தடவை 20 வெள்ளியை விட்டுவிட்டு, மூன்றாவது தடவை தாலிச் சங்கிலி போன பிறகு போனால், "முன்னாலும் போயிருக்கிறது" என்பதற்கு எந்தப் பதிவும் இருக்காது.

புகார் கொடுப்பது சிரமமே இல்லை. சிங்பாஸ் வழியாகப் போலிஸின் இணையத்தளத்தில் பதியலாம், அல்லது அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு நேரே போகலாம். 999 என்பது அவசரத்துக்கு மட்டும், அதாவது திருடன் இப்போது கண்முன்னால் நிற்கிறான் என்றால். புகாரில் ஒரு விஷயம் முக்கியம். 'தொலைந்துவிட்டது' என்று எழுதினால் அது தொலைந்த பொருள், 'வைத்த இடத்தில் இல்லை, யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்' என்றால்தான் திருட்டாகப் பார்ப்பார்கள். சங்கடத்தைத் தவிர்க்க முதலாவதை எழுதிவிட்டு, பிறகு மாற்றப் பார்ப்பவர்கள் நிறைய. முதலிலேயே உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

புகாரில் அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லலாமா?

இங்குதான் நிறையப் பேர் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சிலர் பெயரையே சொல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள். சிலர் "அவர்தான் எடுத்தார்" என்று அடித்துச் சொல்கிறார்கள்.

அதிகாரி, "யார்மேலாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்பார். கேட்டால் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. "அவர்தான் எடுத்தார்" என்பது முடிவு, அது உங்கள் வேலை அல்ல. "நான் 5.30க்குத் தண்ணீர் பாட்டில் எடுக்க அறைக்கு வந்தேன். அவர் என் மேசைக்கு அருகில் குனிந்து நின்றார். என்னைப் பார்த்ததும் பேனா விழுந்துவிட்டது என்றார். அந்த நேரத்தில் அவருக்கு வகுப்பு இருந்தது" என்பது நீங்கள் பார்த்தது. எவ்வளவு வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம். பார்த்ததை உள்ளபடி சொன்னவருக்குப் பின்னால் பயமில்லை. அது தவறு என்று பிறகு தெரிய வந்தாலும், நீங்கள் நல்லெண்ணத்தில் சொன்னது பொய்ப் புகார் ஆகாது. பொய் என்று தெரிந்தே அதிகாரியிடம் தகவல் கொடுப்பதுதான் 182ஆம் பிரிவில் குற்றம்.

எழுதி முடித்ததும் உங்கள் குறிப்பை ஒரு தடவை படித்துப் பாருங்கள். 'பார்த்தேன்', 'கேட்டேன்' என்று முடியும் வரிகள் எத்தனை? 'அவருக்குக் கடன் தொல்லை', 'அவர் ஆளே ஒரு மாதிரி', 'எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்' என்பவை எத்தனை? இரண்டாம் வகையை அடித்துவிடுங்கள். மிஞ்சியது ஒன்றுமே இல்லை என்றால், உங்களிடம் இருப்பது வருத்தம்தான், தகவல் இல்லை. அப்போது, "குறிப்பிட்டு யாரும் இல்லை" என்று சொல்வதுதான் நேர்மை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிலையத்தில் எது காணாமல் போனாலும் முதல் பார்வை துப்புரவு ஆண்ட்டிமேல்தான் விழுகிறது. அடுத்து, புதிதாகச் சேர்ந்தவர்மேல். அதற்கடுத்து, நம் மொழி பேசாதவர்மேல். எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பது துப்புரவு ஆண்ட்டியின் வேலை, அவர்மேல் குற்றம் அல்ல. மாதச் சம்பளத்தை நம்பி இருக்கும் ஒருவருக்கு ஒரு சந்தேகச் சொல் வேலையையே பறித்துவிடும். நீங்களும் ஒரு நாள் அந்த அறையில் புதிதாகச் சேர்ந்தவராக இருந்தவர்தான்.

புகார் கொடுத்தால் என் பாஸுக்கு ஏதாவது ஆகுமா?

புகார் கொடுத்தவர் என்பதற்காகப் பாஸ் ரத்தாகாது. எம்ப்ளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ், வேலை அனுமதிச் சீட்டு எதுவானாலும் அது மனிதவள அமைச்சின் விஷயம், திருட்டுப் புகார் போலிஸின் விஷயம். விடுமுறைக்கு ஊருக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். போகலாம். விசாரணை அதிகாரியிடம் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான்.

நிர்வாகத்துக்கு எரிச்சல் வரலாம் என்பது வேறு கதை. ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து வேலையை முடிக்க அவர்களால் முடியும், அதை நான் மறைக்க மாட்டேன். அதனால்தான் எல்லாவற்றையும் தேதியோடு எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

முதல்வர், "போலிஸ் வேண்டாம், நிலையத்தின் பெயர் கெட்டுவிடும், நாமே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்.

உங்கள் பொருள் திருடுபோனதற்குப் புகார் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவரிடம் மரியாதையாகச் சொல்லலாம்: "மேடம், என் பாஸ் கார்டும் வங்கிக் கார்டும் போயிருக்கின்றன, அதற்குப் போலிஸ் அறிக்கை எனக்கு வேண்டும். உங்களிடம் முதலில் சொல்லிவிட்டுப் பதியலாம் என்று வந்தேன்." பெரும்பாலும் இதற்கு மேல் தடுக்க மாட்டார்கள்.

வாயால் சொன்னதோடு நிற்காதீர்கள். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல், முதல்வருக்கு அல்லது மனிதவளப் பிரிவுக்கு மட்டும், மற்ற ஆசிரியர்களைச் சேர்க்காமல். என்ன போனது, எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள், எப்போது தெரிந்தது, சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்ற வேண்டுகோள், அந்த அறைச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. பெயர் வேண்டாம். பெயர் சொல்ல வேண்டியிருந்தால் நேரில், கதவை மூடிக்கொண்டு.

சிசிடிவி பார்க்க எனக்கு உரிமை உண்டா?

தனியார் நிறுவனமானால் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்கள் உருவம் பதிவான பகுதியைக் கேட்கலாம். மற்றவர்களின் முகத்தை மறைத்துத் தருவார்கள், கட்டணம் கேட்கலாம், சில காரணங்களுக்காக மறுக்கவும் செய்யலாம். ஆக, திருடனைக் கண்டுபிடிக்க இந்த வழி பெரிதாக உதவாது. பதிவை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதைவிட அது அழியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பழைய பதிவின்மேல் புதியது தானாகவே ஏறிவிடும். போலிஸ் கேட்டால் நிலையம் கொடுத்தாக வேண்டும், அதற்கு அது அங்கே இருக்க வேண்டும்.

மின்தூக்கி, வாகன நிறுத்துமிடம், கீழ்த்தளத்துக் கடை என்று கட்டடத்தில் வேறு கேமராக்களும் இருக்கும். அவை நிலையத்தின் கையில் இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்து அதிகாரியிடம் சொல்லுங்கள்.

நான் சந்தேகப்படும் ஆசிரியரின் பையை நானே திறந்து பார்த்துவிட்டால் விஷயம் தெரிந்துவிடுமே?

வேண்டாம். அவருக்குத் தெரியாமல் திறந்து உங்கள் பொருள் உள்ளே இல்லை என்றால், அந்த நிமிடம் அந்த அறையில் தவறு செய்தவர் நீங்கள்தான். இருந்தாலும் சிக்கல்தான், "நீங்களே வைத்தீர்கள்" என்று அவர் சொல்லலாம். அவருடைய கைப்பேசியையோ கணினியையோ திறந்து பார்ப்பது இன்னும் மோசம், கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி அது தனிக் குற்றம். வழிமறித்து நிறுத்தி, பையைக் காட்டச் சொல்வதும் வேண்டாம்.

பணத்தை மேசையில் வைத்துவிட்டு ஒளிந்திருந்து படம் பிடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். குழந்தைகள் வந்துபோகும் இடத்தில் நீங்களாக மறைவுக் கேமரா வைத்தால், திருடனைப் பிடிப்பதற்கு முன்னால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேமரா வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். அப்புறம், பூட்டுள்ள லாக்கர் கேளுங்கள். இதைக் கேட்க நாம் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளில் பாதியை அங்கே கழிக்கும் ஆசிரியருக்குப் பூட்டும் சாவியும் உள்ள ஒரு அலமாரி ஆடம்பரம் அல்ல.

நேரே அவரிடமே கேட்டுவிடலாமா?

"நீங்கள் எடுத்தீர்களா?" என்று கேட்க வேண்டாம். "என் பர்ஸைக் காணோம், நீங்கள் அறையில் இருந்தபோது யாராவது வந்தார்களா?" என்று எல்லாரிடமும் கேட்பதுபோல அவரிடமும் கேட்கலாம். நல்லவராக இருந்தால் பார்த்ததைச் சொல்வார். எடுத்தவராக இருந்தால், நீங்கள் விடப்போவதில்லை என்று தெரிந்துகொள்வார். இப்படிக் கேட்ட மறுநாள் பர்ஸ் பேன்ட்ரியில் மைக்ரோவேவ் பின்னால் 'கிடைத்த' கதைகளும் உண்டு.

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கையாகப் போட்டால் என்ன தவறு?

"ஸ்டாஃப் ரூமில் ஒரு பர்ஸ் காணாமல் போயிருக்கிறது, எல்லாரும் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று போடுங்கள், நல்லதுதான். பெயரோடு, படத்தோடு, அல்லது 'நேற்று சிவப்புச் சுடிதாரில் வந்தவர்' என்று ஜாடையாகப் போடாதீர்கள். ஜாடையும் பெயர்தான். அவதூறு இங்கே சிவில் வழக்காகவும் போகும், தண்டனைச் சட்டத்தின் கீழும் வரும். தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தில் 2020 ஜனவரி முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கில் அவருடைய படம், வீடு, வேலையிடம் போன்ற அடையாள விவரங்களை வெளியிடுவது குற்றம்.

கோபத்தில் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று தட்டிவிட்ட ஒரு வரி, ஸ்கிரீன்ஷாட்டாக நிலைத்துவிடும். பொருளைப் பறிகொடுத்தவரே மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டிய நிலை வரக்கூடாது.

நானும் அவரும் ஒரே நிலையத்தில் வேலை, ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டில்தான் பணம் போகிறது.

இந்தக் கேள்வி வரும்போதுதான் எனக்கு மனம் அதிகம் கனக்கிறது. ஊரில் இரண்டு குடும்பத்துக்கும் பழக்கம் இருக்கும். "அவள்தான் என்னை ஏர்போர்ட்டில் வந்து கூட்டிக்கொண்டு போனாள்" என்பார்கள். சேர்ந்து சமைத்து, தேக்கா சந்தையில் சேர்ந்து காய்கறி வாங்கியவர்மேல் சந்தேகம் வருவது ஸ்டாஃப் ரூம் சந்தேகம் மாதிரி இல்லை.

சட்டம் இதைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் நடக்கும் திருட்டு 380ஆம் பிரிவில் வருகிறது, 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'ரூம்மேட்டுக்குள் நடக்கிற சின்ன விஷயம்' என்று அது முடிந்துவிடாது என்பதற்காக. புகார் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் பார்த்தது என்ன என்பதில் உறுதியாக இருங்கள்.

அன்றைக்கே செய்ய வேண்டியது, கடப்பிதழையும் நகையையும் பூட்டுள்ள பெட்டிக்குள் வைப்பது. எண் பூட்டாக இருந்தால் எண்ணை மாற்றுங்கள், பிறந்த வருடம் வேண்டாம். வீட்டில் ரொக்கம் வைப்பதை நிறுத்திவிடுங்கள், வாடகையை வங்கிச் செயலியில் பேநவ் வழியாகக் கொடுங்கள். இருக்கும் நகையைப் படம் எடுத்து, ரசீதோடு உங்கள் வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள். அறைக்கதவுக்குப் பூட்டு மாற்ற வேண்டுமானால் வீட்டுக்காரரிடமோ முதன்மை வாடகைக்காரரிடமோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செய்யக் கூடாதது, ஊருக்கு போன் போட்டு அவர் அம்மாவிடம் சொல்வது. போனை வைத்த சிறிது நேரத்தில் இரண்டு தெரு முழுக்கப் பரவிவிடும். நாளை அவர் எடுக்கவில்லை என்று தெரிந்தால் அந்தப் பேச்சை யாராலும் திரும்ப அள்ள முடியாது. உங்கள் வீட்டாரிடம் சொல்லி அழலாம், தவறில்லை. அவர்கள் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு மாறிவிட நினைத்தால், ஒப்பந்தத்தில் நோட்டீஸும் முன்பணமும் பற்றி என்ன இருக்கிறது என்று படித்த பிறகு சொல்லுங்கள். புது முகவரியை உடனே நிர்வாகத்திடம் கொடுங்கள், மனிதவள அமைச்சின் பதிவில் அதுதான் இருக்க வேண்டும்.

நான் வசூலித்த மாணவர் கட்டணம் டிராயரிலிருந்து போய்விட்டது. சம்பளத்தில் பிடிப்போம் என்கிறார்கள்.

அப்படியே பிடித்துவிட முடியாது. வேலை நியமனச் சட்டத்தின்படி, உங்கள் பொறுப்பில் ஒப்படைத்த பொருளோ பணமோ உங்கள் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாகப் போயிருந்தால்தான் பிடிக்கலாம். அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, அதுவும் ஒரே தடவை. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பது இதில் இல்லை.

'பொறுப்பில் ஒப்படைத்தது' என்ற இடத்தில்தான் பேச்சே. வாங்கிய உறையைக் கவுண்டரில் ஒப்படைக்கும் வழக்கம் இருந்ததா? பூட்டும் டிராயர் கொடுத்தார்களா? அலுவலகம் மூடிய பிறகு பெற்றோர் கொடுத்ததை வாங்கச் சொன்னது யார்? இவற்றை எழுதி விளக்கமாகக் கொடுங்கள். இனிமேல் ரொக்கம் வாங்காமல் இருக்க முடிந்தால் அதைவிட நிம்மதி வேறில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உறையின்மேல் மாணவர் பெயர், தொகை, தேதி எழுதி, கவுண்டரில் கொடுக்கும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் விவரங்கள் உள்ள மடிக்கணினியோ ஐபேடோ போயிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சொல்லுங்கள். தகவல் கசிவு பெரிது என்று நிலையம் கணித்தால், அதற்குப் பிறகு தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க அவர்களுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. நிறுவனத்தின் பொருளை ஊழியரே எடுத்திருந்தால் அது 381ஆம் பிரிவு, அதுவும் 7 ஆண்டு வரை.

என்மேலேயே சந்தேகப்படுகிறார்கள். நான் எடுக்கவில்லை.

முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "இப்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் போலிஸுக்குப் போக மாட்டோம்" என்று சொல்வார்கள். பயத்தில் எழுதிக் கொடுத்தால், செய்யாததை ஒப்புக்கொண்டது போலவே அந்தத் தாள் பேசும். "நான் எடுக்கவில்லை. எந்த விசாரணைக்கும் ஒத்துழைக்கிறேன். கேள்விகளை எழுத்தில் தாருங்கள்" என்று மின்னஞ்சலில் பதில் போடுங்கள்.

ஒழுங்கீனத்துக்காக வேலையைவிட்டு நீக்குவதற்கு முன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது சட்டம். விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் ஒரு வாரத்துக்கு மேல் கூடாது, பாதிச் சம்பளமாவது தர வேண்டும். குற்றம் நிரூபணமாகாவிட்டால் பிடித்து வைத்த மீதியையும் கொடுக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் இந்தச் சட்டம் நிர்வாக நிலையில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். அரசாங்க ஊழியர்களுக்கு வேறு விதிகள். கடப்பிதழை 'விசாரணை முடியும் வரை' நிர்வாகம் வாங்கி வைக்க முடியாது. அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பதே குற்றம். போலிஸ் கேட்டு வாங்கினால் அது வேறு.

காவல் நிலையத்துக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தடுமாற்றம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஆசிரியராக இருந்துகொண்டு ஆங்கிலம் தெரியாது என்று எப்படிச் சொல்வது என்று நினைக்க வேண்டாம், வகுப்பில் பேசும் ஆங்கிலம் வேறு, வாக்குமூலம் வேறு. எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்பார்கள். ஒரு சொல் மாறியிருந்தாலும் திருத்தச் சொல்லுங்கள்.

நீக்கியே விட்டார்கள் என்றால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் டாடெம் எனப்படும் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் முறையற்ற பணிநீக்கப் புகார் பதிய வேண்டும். பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். இரண்டு கெடுவும் ஒரே மாதத்தில் ஓடும். பெட்டி கட்டுவதற்கு முன்னால் புகாரைப் பதியுங்கள்.

எடுத்தது மாணவராக இருந்தால்?

சக ஆசிரியரைவிட இதில் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து விசாரிக்காதீர்கள், பையைக் கொட்டச் சொல்லாதீர்கள், வகுப்பின் முன் பெயர் சொல்லாதீர்கள். முதல்வரிடம் சொல்லி, பெற்றோரோடு பேசவிடுங்கள்.

கடப்பிதழ் போய்விட்டது.

போலிஸ் அறிக்கை முதலில். இந்தியக் கடப்பிதழ் என்றால் அடுத்து கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் நடைமுறை, மற்றவர்கள் தத்தம் தூதரகம். புதிய எண் வந்ததும் நிர்வாகம் மூலம் மனிதவள அமைச்சின் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். டிக்கெட் போட்டிருந்தால் அந்தத் தேதியை மறந்துவிடுங்கள்.

நகை திரும்பக் கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்பு உண்டு, அதற்கு உங்கள் பங்கும் இருக்கிறது. இங்கே அடகுக்கடைகளுக்கு உரிமம் வேண்டும், அடகு வைப்பவரின் அடையாள விவரத்தைப் பதிய வேண்டும். அதனால் திருட்டு நகை அடகுக்குப் போனால் தடம் இருக்கும். ஆனால் "ஒரு சங்கிலி, மூன்று பவுன் இருக்கும்" என்று சொன்னால் எந்தச் சங்கிலி என்று தேடுவார்கள்? கடை ரசீது, கிராம் எடை, கொக்கியில் உள்ள முத்திரை, நீங்கள் அதை அணிந்திருக்கும் ஒரு தெளிவான படம், இவை வேண்டும். கைப்பேசிக்கு அதற்கே உரிய ஐஎம்இஐ எண். *#06# அழுத்தினால் வரும், இன்றைக்கே எழுதி வையுங்கள்.

நகை கிடைத்தாலும் அன்றே கையில் தர மாட்டார்கள். வழக்குச் சொத்தாக இருக்கும், முடியும் வரை காத்திருக்க வேண்டும். செலவழிந்துபோன பணத்துக்கு, குற்றம் உறுதியானால் இழப்பீடு தரச் சொல்வதை நீதிமன்றம் பரிசீலிக்கும். எவ்வளவு போனது என்ற கணக்கை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து வையுங்கள்.

அவரே ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அழுகிறார். புகாரைத் திரும்பப் பெறலாமா?

பொருள் கிடைத்தது என்றும், நீங்கள் மேலே தொடர விரும்பவில்லை என்றும் விசாரணை அதிகாரியிடம் சொல்லலாம். அதைக் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் புகாரைக் கிழித்துப்போடும் அதிகாரம் உங்களிடம் இல்லை. வழக்குத் தொடுப்பதா, எச்சரித்து விடுவதா என்பது அரசாங்க வழக்கறிஞர் அலுவலகத்தின் முடிவு.

பணத்தை வாங்கும்போது, "இதை வாங்கிக்கொண்டு புகாரை விட்டுவிடுகிறேன்" என்று பேரம் எதுவும் பேசாதீர்கள், எழுதியும் கொடுக்காதீர்கள். புகார் நடப்பில் இருந்தால் அதிகாரியிடம் கேட்ட பிறகு வாங்குங்கள். அவர்மேல் இரக்கம் வந்தால், அதையும் அதிகாரியிடமே சொல்லலாம்: மனம் வருந்தினார், முழுத் தொகையும் கொடுத்தார், குழந்தை இருக்கிறது. அது அவருக்கு உண்மையிலேயே உதவும்.

விசாரணை முடியவில்லை, நிரூபணமும் இல்லை. அதே அறையில் தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வேலை செய்வது?

நிறைய விசாரணைகள் இப்படித்தான் நிற்கும். நீங்கள் அவரோடு நட்பாக இருக்க வேண்டியதில்லை. மாணவர்கள், பாடத்திட்டம், கால அட்டவணை பற்றிப் பேச வேண்டியதை மட்டும் பேசுங்கள். அவர் முன்னால் பையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வது, மற்றவர்களிடம் கண்ணைக் காட்டுவது, இவை வேண்டாம். அவர் எடுக்காதவராகவும் இருக்கலாம்.

மேசை மாற்றமோ வகுப்பு நேர மாற்றமோ கேட்பதில் தவறே இல்லை. காரணமாக அவர் பெயரை எழுத வேண்டாம். "பொருள் போனதிலிருந்து அந்த இடத்தில் உட்காரச் சிரமமாக இருக்கிறது, வேறு மேசை தர முடியுமா?" என்று கேட்டால் போதும். லாக்கர் சாவி கையில் வரும் வரை பர்ஸை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். புகார் எண்ணும் விசாரணை அதிகாரியின் பெயரும் எழுதிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்து யாராவது ஒருவர் தன் பொருளைக் காணோம் என்று சொல்லும்போது, அந்த எண்ணை அவரிடமும் கொடுங்கள்.